லோடு ஏற்றி முடிப்பதற்குள் 14 மணி நேரம் முடிந்துவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: ரீஃபர்காரன்

வணக்கம். அமெரிக்காவில் ரீஃபர் (குளிர்பதன) டிரெய்லர் ஓட்டுகிறேன். கம்பெனி வண்டி. பயிற்சி முடிந்து தனியாக ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நான் எங்கே தவறினேன், வேறென்ன செய்திருக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே ஷிப்பரிடம் (சரக்கு அனுப்பும் நிறுவனத்திடம்) மறுபடியும் லோடு போட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதே வயிற்றைப் பிசைகிறது.

காலை 5:30க்கு லாக்கில் (பணி நேரப் பதிவில்) ஆன் டியூட்டி (பணியில்) போட்டேன். டயர், பிரேக், விளக்கு, ரீஃபர் டீசல் எல்லாம் பார்த்துவிட்டு 5:45க்குக் கிளம்பினேன். 7:20க்கு ஷிப்பர் கேட். எனக்குக் கொடுத்திருந்த நேரம் 8:00. செக்யூரிட்டி கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, டாக் (சரக்கு ஏற்றும் மேடை) காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார். 8 ஆனது, 9 ஆனது. ஒவ்வொரு மணிக்கும் இறங்கிப் போய் ஜன்னலில் கேட்டேன். உனக்கு முன்னால் ஆறு வண்டி இருக்கிறது என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் அதே ஆறு வண்டிதான்.

11:50க்குக் கூப்பிட்டார்கள். பின்னால் எடுத்து டாக்கில் சேர்த்து பிரேக் போட்டபோது மணி 12:00. சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு வந்தது மாலை 6:40க்கு. நடுவில் போய்க் கேட்டதற்கு இரண்டு பேலட் இன்னும் தயாராகவில்லை என்றார்கள். சரக்கு தயாராகாமலே எதற்கு 8 மணிக்கு வரச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சீல் போட்டு, காகிதம் கைக்கு வந்தபோது 7:10.

பணியைத் தொடங்கி 14 மணி நேரம் ஆகிவிட்டால், நடுவில் சும்மா காத்திருந்தாலும், அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. 5:30க்குத் தொடங்கிய என் 14 மணி நேரம் 7:30க்கு முடிகிறது. 11 மணி நேரம் ஓட்டலாம் என்று சட்டம் அனுமதித்த நாளில் நான் ஓட்டியது 1 மணி 35 நிமிடம். மைல் கணக்கில்தான் சம்பளம், அன்றைக்கு ஓடியது 84 மைல். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி ஷிப்பரிடம் இருந்த நேரம் முழுவதையும் ஆன் டியூட்டி என்றே வைத்திருந்தேன். மதியத்துக்கு மேல் பின்னால் படுத்துக்கூட இருந்தேன். ஆனாலும் லாக்கை மாற்றவில்லை.

டிஸ்பேச்சரை (லோடு ஒதுக்கி வண்டியை அனுப்பும் கம்பெனி ஆளை) கூப்பிட்டேன். "இன்னும் 20 நிமிடம் இருக்கிறதே, கிளம்பு. டிரக் ஸ்டாப் 35 நிமிடம்தான்" என்றார். மீதி 15 நிமிடம் மீறலாக இ.எல்.டி.யில் (ஓட்டும் நேரத்தைத் தானாகப் பதியும் கருவியில்) பதிவாகுமே என்றேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்றார். உள்ளேயே ஒரு மூலையில் நிறுத்திக்கொள்கிறேன் என்று செக்யூரிட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். இரவில் யாரும் நிறுத்தக் கூடாது, கேட்டுக்கு வெளியே போ என்றார்.

வெளியே வந்து, கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு தெருவில், ஏற்கெனவே இரண்டு லாரி நின்ற இடத்தில் நானும் நிறுத்தினேன். மணி 7:20. தெரு முனையில் 'நிறுத்தாதே' பலகை இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதற்குள் நகர முடியாத நிலை. கழிப்பறை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. பின்னால் ரீஃபர் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் வெளிச்சம் திரையில் படும்போதெல்லாம் எழுந்து கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். தூங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தூக்கமில்லை.

மறுநாள் காலை 6:00க்கு டெலிவரி, ஏறக்குறைய 400 மைல் தள்ளி. எப்படிப் போய்ச் சேர முடியும்? தாமதமானது. கம்பெனி கணினியில் அந்த லோடுக்கு எதிரே 'தாமதம், காரணம் ஓட்டுநர்' என்று பதிந்திருக்கிறார்கள். பணம் போனதைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வலிக்கிறது. 8 மணிக்குச் சொன்னார்கள், 7:20க்கு நின்றேன்.

நான் கேட்பது இதுதான். நேரம் முடிந்த பிறகு ஷிப்பர் வெளியே போகச் சொன்னால் சட்டப்படி வண்டியை எடுக்கலாமா? காத்திருக்கும் நேரம் அந்த 14 மணிக்குள் விழாமல் தடுக்க வழி இருக்கிறதா? டிஸ்பேச்சர் ஓட்டு என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது?


பதில்: பழைய பீட்டர்பில்ட்

தம்பி, முதலில் ஒன்று. அந்த 15 நிமிடத்துக்காக மீறி ஓட்டாமல் நிறுத்தினாயே, அது சரிதான். ஆனால் அந்த இருட்டுத் தெருவில் நீ படுத்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உனக்கு பர்சனல் கன்வேயன்ஸ் (பணியில் இல்லாதபோது வண்டியைச் சொந்தத் தேவைக்கு ஓட்டுவது) இருந்தது. 2018 மே மாத இறுதியில் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. (அமெரிக்க அரசின் லாரிப் பாதுகாப்பு அமைப்பு) அதற்குப் புது விளக்கம் கொடுத்தது. லோடு ஏற்றியோ இறக்கியோ முடிந்த பிறகு, ஓய்வெடுக்க அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரைக்கும் ஆஃப் டியூட்டியாகவே ஓட்டிப் போகலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. டிரெய்லரில் சரக்கு இருந்தாலும் சரி, உன் மணி நேரம் முடிந்திருந்தாலும் சரி. நிபந்தனை என்னவென்றால், அருகில் இருப்பதில் நியாயமான முதல் இடத்துக்குத்தான் போக வேண்டும். அதைத் தாண்டி டெலிவரி பக்கமாக இன்னும் 40 மைல் நெருங்கிக்கொள்கிறேன் என்று போனால் அது மீறல். முதல் இடம் நிரம்பியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம், நிரம்பியிருந்தது என்று லாக்கில் குறிப்பு எழுதிவிடு. போய்ச் சேர்ந்த பிறகு முழு ஓய்வும் எடுக்க வேண்டும். சில கம்பெனிகள் இதைத் தங்கள் வண்டிகளில் அனுமதிப்பதில்லை, சில கம்பெனிகள் தூர வரம்பு வைத்திருக்கின்றன. சட்டத்தைவிடக் கடுமையாக விதி வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகையால் அடுத்த வாரம் போவதற்கு முன் உன் சேஃப்டி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொரு தவறான யோசனையை யாராவது சொல்வார்கள். மோசமான சூழ்நிலைக்கு 2 மணி நேரம் கூடுதல் உண்டே, அதைப் போடு என்பார்கள். அது பனி, மூடுபனி, சாலையில் திடீர் விபத்து மாதிரி கிளம்பும்போது தெரிந்திருக்க முடியாததற்கு. டாக்கில் தாமதம் அதில் சேராது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. பொறுமையாகப் படி, இதில்தான் உன் நாள் முழுதும் அடங்கியிருக்கிறது.

ஸ்லீப்பர் (வண்டிக்குள் படுக்கை) உள்ள வண்டிக்கு, ஒரு பணி நாளுக்குப் பிறகு எடுக்க வேண்டிய பத்து மணி நேர ஓய்வை இரண்டாகப் பிரித்துக்கொள்ள அனுமதி உண்டு. 2020 செப்டம்பர் 29 முதல் அது நமக்கு நன்றாகவே வசதியாகிவிட்டது. ஒரு துண்டு குறைந்தது 7 மணி நேரம், தொடர்ச்சியாக, ஸ்லீப்பரில். இன்னொரு துண்டு குறைந்தது 2 மணி நேரம், ஆஃப் டியூட்டியாகவோ ஸ்லீப்பராகவோ. இரண்டும் சேர்ந்து 10 வர வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால் இரண்டு துண்டுமே 14 மணிக் கணக்கில் வராது.

உன் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள். 7:20லிருந்து 11:50 வரை நாலரை மணி நேரம் அழைப்புக்காக உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்தை நீ ஸ்லீப்பரில் போட்டுப் படுத்திருந்தால், அன்று இரவு இன்னொரு 7 மணி ஸ்லீப்பரில் எடுக்கும் பட்சத்தில், உன் 14 மணி 7:30க்கு முடியாது, நள்ளிரவு 12:00க்குத்தான் முடியும். டிரக் ஸ்டாப்புக்கு 35 நிமிடம் சாதாரணமாக ஓட்டிப் போயிருக்கலாம். எட்டு நாளில் 70 மணி நேர வேலை என்ற கணக்கிலும் அந்த நாலரை மணி நேரம் குறைந்திருக்காது. ஆனால் மறுநாள் காலை முழு 14 கிடைக்கும் என்று நினைத்துவிடாதே. இப்படிப் பிரித்தால், முதல் துண்டு முடிந்த 11:50லிருந்து கணக்கு தொடரும். 8 மணிக்கு நிறுத்தினால் 8 மணி 10 நிமிடம் போனது போனதுதான். எழுந்த பிறகு மிச்சம் 5 மணி 50 நிமிடம்.

ஸ்லீப்பர் என்று போட்டால் உண்மையிலேயே படுத்திரு. மணிக்கொரு தரம் இறங்கிப் போய் ஜன்னலில் கேட்டாய் என்றாயே, அதை விட்டுவிடு. அவர்களிடம் உன் எண் இருக்கிறது. ஆஃப் டியூட்டி போடுவதென்றால் வண்டிக்கும் சரக்குக்கும் நீ பொறுப்பில்லை, உன் விருப்பப்படி இருக்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும். ஏற்றுவதை நீ நின்று எண்ணிக்கொண்டிருந்தால் அது ஆன் டியூட்டிதான், அதில் விளையாடாதே.


பதில்: இரவு மைல்கள்

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. நான் 11 வருடமாக ஓட்டுகிறேன், அதிலும் பாதி ரீஃபர். அந்தக் கணக்கின் ஆபத்தான பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் நேரங்களை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். டாக்கில் சேர்த்தது 12:00. பச்சை விளக்கு 6:40. அந்த நேரமும் படுத்துத்தான் இருந்தீர்கள் என்கிறீர்கள். லாக்கில் ஸ்லீப்பர் போட்டு இன்னும் 20 நிமிடம் எழாமல் இருந்திருந்தால் 7 மணி நேரம் முடிந்திருக்கும். முன்னால் காத்திருந்த நாலரை மணி நேரத்தோடு சேர்த்தால் பதினொன்றரை. சட்டப்படி இரவு 7:00க்கு நீங்கள் ஏறக்குறையப் புது ஆள். 11 மணி நேரம் ஓட்டலாம். காலை 6:00 டெலிவரிக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நானும் அப்படி ஓட்டியிருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறும் ஒவ்வொரு முறையும் வண்டி முழுதும் குலுங்கும். பேலட்டை வைக்கும்போது இடி மாதிரி ஒரு சத்தம். பக்கத்து டாக்கில் இன்னொருவர் பின்னால் எடுத்துக்கொண்டிருப்பார். பகல் வெளிச்சம். எப்போது கதவைத் தட்டுவார்களோ என்று காது வாசலிலேயே இருக்கும். லாக்கில் அதற்குப் பெயர் ஸ்லீப்பர். அப்படி ஒரு நாள் ஏழு மணி நேரத்தை முடித்துவிட்டு இரவு கிளம்பினேன். அதிகாலை 3 மணிக்கு மேல், கண் திறந்திருக்கும்போதே ஒரு பாலத்தைக் கடந்த நினைவு எனக்கு இல்லை. பாலம் முன்னால் இருந்தது, அப்புறம் கண்ணாடியில் பின்னால் இருந்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி வண்டியை நிறுத்திவிட்டுக் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். என் லாக்கில் அப்போது இன்னும் 4 மணி நேரம் பாக்கி இருந்தது. முழுக்க முழுக்கச் சட்டப்படி.

களைத்த நிலையில் ஓட்டக் கூடாது, ஓட்டச் சொல்லவும் கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது, 392.3. உங்களுக்கு மணி நேரம் மிச்சம் இருந்தாலும் அது பொருந்தும். கம்பெனியையும் அது கட்டுப்படுத்தும். பர்சனல் கன்வேயன்ஸில் போகும்போதும் அப்படித்தான். அண்ணன் சொன்ன முறையைப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரப் பயன்படுத்துங்கள். ராத்திரி முழுக்க ஓட்டப் பயன்படுத்த வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஜேசன் ரிவன்பர்க் நினைவு வந்தது. 2009 மார்ச்சில் சவுத் கரோலினாவில் பால் லோடோடு போனவர். நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டார், உள்ளே போக முடியவில்லை. மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். அங்கேயே கொள்ளையடித்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் மனைவி விடாமல் போராடியதால்தான் 2012இல் லாரி நிறுத்துமிடங்களுக்கான சட்டம் அவர் பெயரிலேயே வந்தது. அவரும் உங்களைப் போல முன்னதாகப் போய் நின்றவர்தான். இருட்டுத் தெருவில் நிறுத்துவதை ஒரு வழியாகவே நினைக்காதீர்கள்.


பதில்: டெஸ்க் பக்கம்

நான் ஆறு வருடம் ஓட்டிவிட்டு இப்போது டிஸ்பேச்சில் இருக்கிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும். எழுதுங்கள். இரவு 7:10க்கு நீங்கள் கூப்பிட்டபோது டிஸ்பேச்சரிடம் எந்த வழியும் மிச்சமில்லை, அதனால்தான் 'ஓட்டு' என்று வாயில் வந்தது. அவர் செய்தது தவறு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே செய்தி காலை 10:00க்கு எழுத்தில் வந்திருந்தால், அவர் ரிசீவரிடம் (சரக்கைப் பெறுபவரிடம்) நேரத்தை மாற்றியிருக்கலாம், வேறு வண்டியைக் கொண்டுவந்து டிரெய்லரை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கலாம், புரோக்கரை (லோடு பிடித்துத் தரும் இடைத்தரகரை) எழுப்பியிருக்கலாம். கொடுத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் வரை இலவசமாகக் காத்திருப்பது, அதற்குப் பிறகு டிடென்ஷன் (காத்திருப்புக் கட்டணம்) என்பதுதான் இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். ஆகவே அந்த இரண்டு மணி நேரம் ஆனதும் முதல் செய்தி. "8:00 நேரம். 7:20க்கு வந்தேன். இன்னும் டாக் கொடுக்கவில்லை. என் 14 மணி 7:30க்கு முடிகிறது. 12:30க்குள் வெளியே வரவில்லை என்றால் காலை 6:00 டெலிவரி முடியாது." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். கோபம் வேண்டாம். பிறகு நிலைமை மாறும்போதெல்லாம் ஒன்று.

உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் பில் ஆஃப் லேடிங்கிலேயே (சரக்குச் சீட்டிலேயே) எழுதி, ஷிப்பர் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அதையும் எழுதிப் படம் எடுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாத டிடென்ஷன் பில்லை எங்கள் அலுவலகத்தில் நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன், மறுபக்கம் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்ததால். 'காரணம் ஓட்டுநர்' என்ற பதிவை மாற்றவும் அதே காகிதம்தான் வேண்டும்.

மணி நேரத்தை மீறி ஓட்டச் சொன்னால், "நீங்கள் சொல்வதைச் செய்தால் பணி நேர விதியை மீறுவேன், அதனால் ஓட்ட முடியாது" என்று எழுத்தில் சொல்லுங்கள். விதியின் பெயரைச் சொல்வது முக்கியம். 2016 ஜனவரி முதல் கட்டாயப்படுத்துதலுக்கு எதிரான விதி அமலில் இருக்கிறது. கம்பெனி மட்டுமல்ல, ஷிப்பர், ரிசீவர், புரோக்கர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். ஓட்டுநர் தன் மறுப்பைக் காரணத்தோடு தெரிவித்திருந்தால்தான் அது வலுவாக நிற்கும். எஃப்.எம்.சி.எஸ்.ஏ.விடம் புகார் கொடுக்க 90 நாள். மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினாலோ லோடு தராமல் பழிவாங்கினாலோ அது வேறு சட்டம், ஓஷாவிடம் (தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பிடம்) போக வேண்டும், 180 நாள் அவகாசம். உங்கள் செவ்வாய்க்கிழமை பேச்சு வாய்ப்பேச்சாகவே போய்விட்டது. அடுத்ததற்காவது இதை மனதில் வையுங்கள்.

மேலே யாரும் சொல்லாத ஒன்று. 14 மணிக் கடிகாரத்தைத் தொடங்குவது நீங்கள்தான். 8:00 நேரத்துக்கு 5:30க்கு ஏன் தொடங்க வேண்டும்? முடிந்தால் முந்தைய இரவே அந்த 35 நிமிட டிரக் ஸ்டாப்பில் போய்ப் படுத்து, பத்து மணி நேர ஓய்வு அங்கேயே முடிகிறமாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு லோடை ஏற்கும்போதே கேளுங்கள்: காத்திருந்து ஏற்றுவதா, ஏற்கெனவே ஏற்றிவைத்த டிரெய்லரை மாட்டிக்கொண்டு போவதா? உள்ளே இரவில் நிறுத்த விடுவார்களா? டிஸ்பேச்சருக்குத் தெரியாது என்றால் அவர் கூப்பிட்டுக் கேட்கட்டும். அது அவர் வேலை.

இவ்வளவும் ஓட்டுநர்தான் செய்ய வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் ஆற்றாமைதான். மைல் சம்பளம் என்பதால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் ஷிப்பருக்கு ஒன்றும் செலவில்லை. 1938 சம்பளச் சட்டத்தில் கூடுதல் நேர ஊதியத்திலிருந்து லாரி ஓட்டுநர்களை விலக்கியது இன்றும் அப்படியே இருக்கிறது. போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் 2018இல் ஓர் அறிக்கை தந்தது. ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரியாகத் தங்கும் நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. 15 நிமிடத்துக்கே அப்படி. நீங்கள் இருந்தது ஏறக்குறைய 12 மணி நேரம்.


பதில்: டாக்கோ வட்டு

நான் ஐரோப்பாவில் ஓட்டுகிறேன், விதிகள் வேறு. ஆனாலும் இந்தத் தலைவலி இங்கேயும் அதேதான். ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10. தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேர ஓய்வு முடிந்திருக்க வேண்டும். ஒரு வாராந்தர ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று முறை அதை 9 ஆகக் குறைக்கலாம். ஆக, 13 அல்லது 15 மணி நேரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்.

இங்கே காத்திருப்பதற்கு டாக்கோகிராஃபில் (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவியில்) தனிக் குறியீடு உண்டு, நடுவில் சாய்கோடு போட்ட பெட்டி. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அதைப் போடலாம். அதனால் வாசலில் போய் நின்றதும் என் முதல் கேள்வி 'எத்தனை மணி ஆகும்' என்பதுதான். நேரம் முடிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதியின் 12ஆம் பிரிவு, பொருத்தமான நிறுத்துமிடம் வரை போக இடம் தருகிறது. போய்ச் சேர்ந்ததும் காரணத்தைக் கையால் எழுத வேண்டும், அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில். கிளம்பும் முன்பே தெரிந்த காரணத்துக்கு அது செல்லாது. எப்போதும் தாமதம் செய்யும் இடம் என்று தெரிந்தே போய்விட்டு அதைக் காட்ட முடியாது. ஓய்வில் இருக்கும்போது டாக் மாற்று என்று எழுப்பி ஐந்து மீட்டர் நகர்த்தச் சொன்னால்கூட ஓய்வு உடைந்துவிடும். நான் வண்டியின் ஜன்னல் திரையில் ஒரு தாள் ஒட்டிவைப்பேன்: 'ஓய்வு 4:40 வரை. அதற்கு முன் வண்டி நகராது.' பெரும்பாலும் மதிக்கிறார்கள்.


கேட்டவர்: ரீஃபர்காரன்

எல்லோருக்கும் நன்றி. அதே ஷிப்பரிடம் போய்விட்டு வந்தேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முந்தைய மாலையே டிரக் ஸ்டாப்பில் நிறுத்தி முழு ஓய்வும் முடித்தேன். 7:05க்கு ஆன் டியூட்டி, 7:50க்கு கேட், 7:55க்கு ஸ்லீப்பர். இந்த முறை ஜன்னலில் போய் நிற்கவில்லை. தாள் ஒட்டும் யோசனையையும் செய்தேன். 10:00க்கு டிஸ்பேச்சருக்கு நீங்கள் சொன்ன வாசகத்தை நேரம் மட்டும் மாற்றி அப்படியே அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மதியத்துக்குள் ரிசீவரிடம் பேசி, மறுநாள் காலை 6:00 என்பதை மதியம் 1:00க்கு மாற்றிவிட்டார். எனக்கு நம்பவே முடியவில்லை. போன முறையும் இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

12:40க்கு டாக் கொடுத்தார்கள். 5:50க்கு வெளியே வந்தேன். உள்ளே, வெளியே நேரத்துக்குக் கையெழுத்து கேட்டபோது அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் கொடுத்துவிட்டார். பிரித்த கணக்குப்படி இரவு 1:50 வரை ஓட்டலாம். நான் 8:50க்கே ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்திவிட்டேன். 'இரவு மைல்கள்' எழுதிய அந்தப் பாலம் தலையை விட்டுப் போகவில்லை. அதோடு, படுத்திருந்தேனே தவிர பகலில் தூங்கியது அரை மணி நேரம்கூட இருக்காது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்து, 11:00க்கே ரிசீவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

இந்த லோடுக்கு 'காரணம் ஷிப்பர்' என்று பதிந்திருக்கிறார்கள். பழையதை மாற்ற முடியாது என்கிறார்கள், கையெழுத்து இல்லை என்பதால். இ.எல்.டி. பதிவில் நான் கேட்டில் நின்ற இடமும் நேரமும் இருக்கிறதே என்று சேஃப்டி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

பர்சனல் கன்வேயன்ஸ் எங்கள் கம்பெனியில் உண்டாம், லோடு இறக்கிய பிறகு மட்டும் என்று ஒரு கட்டுப்பாட்டோடு. ஏற்றிய பிறகும் அனுமதிக்க வேண்டும் என்று அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவின் படத்தையும் இணைத்தேன்.

இன்று புது லோடு ஒன்று சொன்னார்கள். இரவில் நிறுத்த இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். டிஸ்பேச்சருக்குத் தெரியவில்லை. கூப்பிட்டு விசாரித்துவிட்டுச் சொன்னார், பின்பக்கம் நாலு வண்டிக்கு இடம் இருக்கிறதாம், ஐந்து மணிக்கு முன்னால் சொல்லி வைக்க வேண்டுமாம். சொல்லி வைத்திருக்கிறேன்.